தோட்டத்துக் கெணத்துல கடல் ஆராய்ச்சி: எவர்கிரீன் கப்பல் செஞ்ச வேலைய நாமளும் செஞ்சு பாக்கறது எப்படி

நம்ம பக்கம் கடல் இல்லீங்க. தாராபுரத்துல இருந்து எந்தத் திசைல போனாலும் அலையக் கண்ணுல பாக்கோணும்னா பஸ்ஸுல அரை நாள் உக்காந்து போகோணும். ஆனா கெணறு இருக்கு. அம்பது அடி அறுவது அடி வெட்டி, மழைக்குப் பொறகோ வாய்க்கா தண்ணி உட்ட பொறகோ பாதிக்கு மேல தண்ணி நிக்கிற கெணறு. கடல் ஆராய்ச்சிக் கப்பல்ல பண்ற அடிப்படை வேலை எல்லாத்தையும் அந்தக் கெணத்து மேட்டுல நின்னுட்டே பழகலாம். நானும் எங்க அம்மிணியும் (ஏழாவது படிக்கறா) ரெண்டு வருசமா பண்ணிட்டு இருக்கோம், அதைத்தான் எப்படிப் பண்றதுன்னு எழுதறேன்.

மொதல்ல அந்தக் கப்பலைப் பத்தி சொல்லீடறேன், ஏன்னா அது என்ன செஞ்சுதுன்னு தெரிஞ்சாத்தான் நாம எதுக்கு கயித்த எறக்கறோம்னு புரியும். பேரு எவர்கிரீன். அமெரிக்க கடலோரக் காவல் படையோட கப்பல், 180 அடி நீளம். 1943-ல பணிக்கு வந்துச்சு. கட்டுனது டுலூத்துங்கற ஊருல, அது சுப்பீரியர் ஏரிக்கரைல இருக்கு, அங்கிருந்து அட்லாண்டிக் கடலுக்கு ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். கடலே இல்லாத ஊருல பொறந்த கப்பல்ங்க அது, எனக்கு அது மேல ஒரு தனிப் பிரியம் வந்ததுக்கு அதும் ஒரு காரணம். கடல்ல வழி காட்டற மிதவைகளைப் போட்டு பராமரிக்கறதுக்குன்னு கட்டுன வகை, உலகப்போர் சமயத்துல கிரீன்லாந்துப் பக்கம் ஓடுச்சு. போர் முடிஞ்சு 1948-ல இருந்து பனிப்பாறைக் காவலுக்காக கடலை அளக்கற வேலை, பொறகு 1960-கள்ல முழுக்கவே ஆராய்ச்சிக் கப்பலா மாத்துனாங்க. 1990-ல ஓய்வு குடுத்தாங்க.

பனிப்பாறைக் காவல்னா என்னன்னா, 1912 ஏப்ரல் 14 ராத்திரி டைட்டானிக் மோதி 1500 பேருக்கு மேல செத்தாங்கல்ல, அதுக்கப்புறம் கப்பல் ஓட்டற நாடுகள் எல்லாம் லண்டன்ல கூடிப் பேசி, இனி வட அட்லாண்டிக்ல பனிப்பாறை எங்க இருக்குன்னு யாராவது பாத்துச் சொல்லீட்டே இருக்கோணும்னு 1914-ல ஒப்பந்தம் போட்டாங்க. அந்தப் பொறுப்பு அமெரிக்காகிட்ட வந்துச்சு, 1915-ல கடலோரக் காவல் படைன்னு ஒண்ணு உருவானதுல இருந்து அவங்கதான் பாக்கறாங்க, ரெண்டு உலகப்போர் சமயம் தவிர. அவங்க குடுத்த எச்சரிக்கைய மதிச்சு நடந்த எந்தக் கப்பலும் இதுவரைக்கும் பனிப்பாறைல மோதுனதில்லை.

சரி, பனிப்பாறைய கண்ணுல பாத்துச் சொன்னா போதாதா, தண்ணிய எதுக்கு அளக்கோணும்னு கேப்பீங்க. பனிப்பாறைல வெளிய தெரியறது கொஞ்சம், பத்துல ஒம்பது பங்கு கிட்ட தண்ணிக்குள்ள இருக்கு. அதனால மேல அடிக்கற காத்தை விட அடில ஓடற நீரோட்டம்தான் அதை நெம்ப இழுத்துட்டுப் போகும். இன்னைக்கு இங்க பாத்த பாறை மூணு நாள் கழிச்சு எங்க இருக்கும்னு சொல்லோணும்னா அடில ஓட்டம் எந்தப் பக்கம், எவ்வளவு வேகம்னு தெரியோணும். அந்தக் காலத்துல நடுக்கடல்ல ஆழத்துல ஓடற தண்ணியோட வேகத்தை நேரா அளக்கறது பெரும்பாடு. அதுக்கு பதிலா ஆழத்துக்கு ஆழம் தண்ணியோட சூட்டையும் உப்பையும் அளந்து, அதுல இருந்து கணக்குப் போட்டு ஓட்டத்தைக் கண்டுபிடிக்கற வழிய நார்வேக்காரங்க கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க. கடலோரக் காவல் படைல இருந்த எட்வர்ட் ஸ்மித்துங்கற அதிகாரி (அவரை எல்லாரும் ஐஸ்பெர்க் ஸ்மித்துன்னே கூப்பிடுவாங்க) நார்வேல இருக்கற பெர்கன்ங்கற ஊருக்குப் போய் அதைப் படிச்சுட்டு வந்து, 1928-ல மேரியன்ங்கற 125 அடி சின்னக் கப்பலை எடுத்துட்டு கனடாவுக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவுல இருக்கற லாப்ரடார் கடலையும் டேவிஸ் நீரிணையையும் அளந்துட்டு வந்தாரு. எவர்கிரீன் அந்த வழிலதான் போச்சு.

கப்பல்ல எப்படிப் பண்ணுவாங்கன்னா, ஒரு எடத்துல நிறுத்துவாங்க, அந்த எடத்துக்குப் பேரு ஸ்டேஷன், ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு. கம்பிய எறக்கிட்டே குறிப்பிட்ட இடைவெளில பித்தளைப் பாட்டிலை மாட்டிட்டே போவாங்க. நான்சென் பாட்டில்னு பேரு, ஒண்ணேகால் லிட்டர் கொள்ளும், ரெண்டு பக்கமும் தொறந்தே எறங்கும். தெர்மாமீட்டர் ஆழத்துச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் சில நிமிசம் காத்திருந்துட்டு, கம்பி வழியா ஒரு உலோகக் குண்டை உடுவாங்க, அது போய் மொதல் பாட்டிலைத் தட்டும், பாட்டில் தலைகீழாக் கவுந்து மூடிக்கும், கவுரும்போதே அடுத்த குண்டைக் கழட்டி உடும், அது அடுத்த பாட்டிலைத் தட்டும், இப்படியே கடைசி வரைக்கும். கவுந்ததும் தெர்மாமீட்டர்ல பாதரசம் அந்த எடத்துலயே அறுந்துக்கும், அதனால மேல வர்றப்ப சூடு மாறாது. இந்த யோசனை எனக்கு இன்னைக்கும் பிரமிப்பா இருக்குங்க.

இனி நம்ம வேலை. கயிறுல இருந்து ஆரம்பிக்கோணும். பருத்திக் கயிறு நனைஞ்சா நீளம் மாறும், சாதா நைலான் எடை தொங்குனா இழுபடும், பாலியஸ்டர் கயிறு 6 மில்லிமீட்டர் கனத்துல கடைல கேட்டு வாங்குங்க. வாங்குன கயித்தை ஒரு நாள் தண்ணில ஊறப் போட்டு, அடில கல்லு கட்டித் தொங்க உட்டு இழுபட உட்டுட்டு, அப்புறம் டேப் வச்சு மீட்டருக்கு மீட்டர் கலர் துணி முடிஞ்சு வைங்க. அஞ்சாவது மீட்டருக்கு செவப்பு, மத்ததுக்கு வெள்ளை. எங்க அப்பாரு கவலை எறச்ச (மாடு கட்டி கெணத்துத் தண்ணி எறைக்கறது) காலத்துல வடத்துல குறி வச்சு தண்ணி எவ்வளவு எறங்கிருக்குன்னு சொல்லுவாராம், கடல்ல மீனவங்க கைய விரிச்சு பாகம் பாகமாக் கயித்தை அளக்கறதும் அதேதான். குறிய தண்ணி மட்டத்துல இருந்து எண்ணோணும், சுத்துச்சொவத்துல இருந்து இல்ல. அதனால மொதல்ல சொவத்து மேல இருந்து தண்ணி மட்டம் எத்தனை மீட்டர்னு அளந்து தனியா எழுதீருங்க.

பாதுகாப்பையும் இங்கயே சொல்லீடறேன். சுத்துச்சொவரு இல்லாத கெணத்துல இதைப் பண்ணவே வேண்டாம். கொழந்தைங்களை மட்டும் உட்டுட்டுப் போகாதீங்க, கூட பெரியவங்க ரெண்டு பேராவது இருக்கோணும், கயித்தோட மேல் முனைய மோட்டார் ரூம் தூணுலயோ மரத்துலயோ கட்டிருக்கோணும், யாரும் கைல சுத்திக்கப்படாது. பாதரசத் தெர்மாமீட்டர் கெணத்துப் பக்கமே வரப்படாது, ஒடஞ்சு உள்ள உழுந்தா குடிக்கற தண்ணில வெசம். முந்நூறு நானூறு ரூவாய்க்கு கம்பி மொனை வச்ச டிஜிட்டல் தெர்மாமீட்டர் கெடைக்குது, அது போதும்.

அடுத்தது தண்ணிய எடுக்கற பாட்டில், இதுலதான் நாங்க நெம்ப நாள் சிரமப்பட்டோம், அதனால வெலாவாரியா எழுதறேன். சும்மா பாட்டிலைக் கட்டி எறக்குனா மேல் தண்ணிதான் ரொம்பும், அஞ்சு மீட்டர் தண்ணி வேணும்னா அஞ்சு மீட்டர்ல தான் வாய் தொறக்கோணும். மொதல்ல கண்ணாடி சோடா பாட்டில்ல ரப்பர் கார்க் அடிச்சு, கார்க்குக்குத் தனிக் கயிறு கட்டி, கீழ போனதும் வெடுக்குன்னு இழுத்துப் பாத்தோம். ரெண்டு மூணு மீட்டர் வரைக்கும் நல்லாத்தான் வந்துச்சு, குமிழி மேல வர்றதைப் பாத்து ரொம்பிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாம். எட்டு மீட்டர்ல கார்க் வரவே இல்லை, கார்க் கயித்தை இழுத்தா பாட்டிலே சேந்து மேல வருது. ஏன்னு உக்காந்து யோசிச்சோம். பத்து மீட்டர் தண்ணி ஆழத்துல ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலயும் ஒரு கிலோ எச்சா அழுத்தும். ரெண்டு சென்டிமீட்டர் அகல வாய்னா மூணு சதுர சென்டிமீட்டர், அப்ப கார்க்கை மூணு கிலோ அமுக்கிப் பிடிச்சுட்டு இருக்கு. உள்ள காத்து இருக்கற பாட்டில் மெதக்கப் பாக்கும், அதுக்கு எதிரா அஞ்சு கிலோ எடக்கல்லு கட்டுனாத்தான் கார்க் புடுங்கும். பிளாஸ்டிக் பாட்டிலா இருந்தா அதுக்கு முன்னாடியே சப்பிப் போயிரும். நான்சென் பாட்டில் ஏன் ரெண்டு பக்கமும் தொறந்தே எறங்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் உறைச்சுது. உள்ளயும் தண்ணி வெளியயும் தண்ணின்னா அழுத்தம் எதையும் ஒண்ணும் பண்ணாது, ஆயிரம் மீட்டர் போனாலும்.

அதனால பைப்புல செய்யுங்க. 63 மில்லிமீட்டர் பிவிசி பைப்பு ஒண்ணரை அடி நீளம் வெட்டி ரெண்டு வாயையும் அரத்துல தேச்சு வழவழப்பாக்குங்க. வாயை விடச் சித்தே பெருசா ரெண்டு கெட்டி ரப்பர் பந்து வேணும், உள்ள காத்து இருக்கற பந்து வேண்டாம், ஆழத்துல அமுங்கும். ரெண்டு பந்துலயும் ஓட்டை போட்டு, பழைய சைக்கிள் டியூபை நீளமா கிழிச்சு அந்த வாரை பைப்புக்குள்ள உட்டு ரெண்டு பந்தையும் சேத்துக் கட்டுங்க. வார் இழுத்துட்டு நிக்கோணும், அதாவது சும்மா உட்டா ரெண்டு பந்தும் டப்புன்னு வாயை அடைச்சுக்கோணும். இப்ப ஒவ்வொரு பந்துக்கும் வெளிப்பக்கமா ஒரு சின்னக் கயித்து வளையம் போட்டு, பந்துகளை வெளிய இழுத்து, ரெண்டு வளையத்தையும் பைப்போட நடுவுல கிளாம்புல சொருகி வச்ச ஒரே ஆணில மாட்டுங்க. ஆணிக்குத் தனிக் கயிறு. கப்பல்ல குண்டு வந்து தட்டறதுக்கு பதிலா நாம கயித்தை இழுத்து ஆணிய உருவறோம், அவ்வளவுதான். பைப்புப் பக்கத்துல ரெண்டு கிலோ இரும்பைக் கட்டி எறக்குங்க. மேல கொண்டு வந்தா ஏறக்குறைய ஒண்ணேகால் லிட்டர் தண்ணி இருக்கும், நான்சென் பாட்டில் அளவேதான், அதைப் பாத்து அம்மிணிக்கு இருந்த சந்தோசம் சொல்லி மாளாது. ஒண்ணு கவனம்: வாளித் தண்ணில பத்து தடவை மூடிப் பாத்துட்டு அப்புறம் கெணத்துக்குப் போங்க. எங்க மொதல் பைப்பு முடிச்சு அவுந்து கெணத்தோட போயிருச்சு, கோடைல தண்ணி வத்துன பொறகுதான் எடுத்தோம். முடிச்சுப் போட்டா மேல ஒரு தடவை டேப்பும் சுத்துங்க.

எறக்கினதும் உடனே ஆணிய உருவாதீங்க, ரெண்டு நிமிசம் காத்திருங்க, அப்பத்தான் கயிறு கலக்குன தண்ணி அடங்கும். மேல வந்ததும் வெயில்ல வைக்காம நெழல்ல, ஒரு பந்தை லேசா ஒதுக்கி தெர்மாமீட்டர் கம்பிய உள்ள உட்டு ஒரு நிமிசத்துக்குள்ள எழுதீருங்க, ஒரு லிட்டர் தண்ணி அதுக்குள்ள சூடு மாறிராது. அப்புறம் ஒரு டம்ளர்ல ஊத்தி டிடிஎஸ் மீட்டர்ல (தண்ணில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற கருவி) பாருங்க. அந்த மீட்டர் நம்ம ஊருல இப்ப எல்லா ஊட்டுலயும் ஒண்ணு கெடக்கு, போர்வெல் தண்ணி பாக்கறதுக்கு. கப்பல்ல அந்தக் காலத்துல வெள்ளி நைட்ரேட் ஊத்தி உப்பை அளந்தாங்க, கப்பல் ஆடற ஆட்டத்துல சொட்டு சொட்டா எண்ணி. கடல் தண்ணில லிட்டருக்கு சுமாரா 35 கிராம் உப்பு, டிடிஎஸ் மீட்டர் காட்டற கணக்குல (லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம்) சொன்னா 35,000. நம்ம போர்வெல்ல 2000 வந்தாலே வாய்ல வைக்க முடியறதில்லை. சாதா டிடிஎஸ் மீட்டர் கடல் தண்ணிக்குத் தாங்காது, கெணத்துக்குத் தாராளமாப் போதும்.

எங்க கெணத்துல என்ன பாத்தோம்னா, சித்திரை வெயில்ல மேல் ஒரு மீட்டர் தண்ணி கதகதன்னு இருந்துச்சு, கீழ போகப் போக சில்லுன்னு ஆயிட்டு ஒரு ஆழத்துக்கு அக்கட்ட மாறவே இல்லை. மார்கழில போய் வெடியால அளந்தா மேல கீழ வித்தியாசமே தெரியல, குளிர்ல மேல் தண்ணி கனமாகி எறங்கி மொத்தமாக் கலந்திருக்கு. இன்னொண்ணு நெம்ப முக்கியம், தெக்குப் பக்கச் சொவத்துல ஒரு ஊத்து இருக்கு, அந்த ஆழம் தாண்டுனதும் டிடிஎஸ் சட்டுன்னு ஏறுச்சு. உப்பு ஊத்து அதுதான்னு இத்தனை வருசமா யாருக்கும் தெரியாது. உப்புத் தண்ணி கனம், அடிலயே படுத்திருக்கும். ஃபுட்வால்வை (மோட்டார் பைப்போட அடி மொனை, தண்ணிய உறிஞ்சற எடம்) ரெண்டு மீட்டர் மேல ஏத்திக் கட்டுனோம், கறிவேப்பிலைக்கும் வாழைக்கும் பாயற தண்ணில உப்பு கொறஞ்சிருக்கு.

தண்ணி எவ்வளவு தெளிவுன்னு பாக்கறதுக்கு ஒரு பழைய வட்டல் (சோத்துத் தட்டு) போதும். வெள்ளை பெயிண்ட் அடிச்சு, நாலு ஓட்டை போட்டு தராசுத் தட்டாட்ட கயிறு கட்டி, அடில எடை கட்டி எறக்குங்க. கண்ணுல இருந்து மறையற ஆழத்தையும், மேல இழுக்கறப்ப மறுபடி தெரியற ஆழத்தையும் எழுதி ரெண்டுக்கும் நடுவுல எடுத்துக்கோங்க. 1865-ல செக்கிங்கற இத்தாலிப் பாதிரியார் மத்தியதரைக் கடல்ல பண்ணது இதுதான், அவரு பேர்லயே இன்னும் கப்பல்கள்ல எறக்கறாங்க. உச்சி வெயில்ல, நெழல் உழுற பக்கமா நின்னு பாருங்க.

இனி இந்த சூடும் உப்பும் எப்படி நீரோட்டமா மாறுதுன்னு அடுப்படில காட்டலாம். ஒரு லிட்டர் தண்ணில 35 கிராம் கல்லுப்பு கரைச்சு ஒரு கண்ணாடி டம்ளர், வெறும் தண்ணி ஒரு டம்ளர். மை கலந்து ஒறைய வச்ச ஐஸ் கட்டிய ரெண்டுலயும் ஒண்ணொண்ணு போடுங்க. வெறும் தண்ணில கரையற மை நூலு நூலா அடிக்கு எறங்கும், உப்புத் தண்ணில மேலயே தங்கும், ஐஸும் மெதுவாத்தான் கரையும். பனிப்பாறை கரையற கடல்ல மேல உப்பு கொறஞ்ச தண்ணி அடுக்கா நிக்கறது இதனாலதான். இப்ப ரெண்டு எடம் நெனச்சுக்கோங்க, ஒரு பக்கம் சூடான லேசான தண்ணி, ஒரு பக்கம் குளிர்ந்த கனமான தண்ணி. ஒரே எடைக்கு லேசான தண்ணி உசரமா நிக்கும், அதனால கடல் மட்டத்துல கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு வரும். தண்ணி சரிவுல கீழ ஓடத்தான் பாக்கும், ஆனா பூமி சுத்தறதால வடக்குப் பாதில அது வலப்பக்கம் திரும்பீரும், கடைசில சரிவை ஒட்டியே பக்கவாட்டுல ஓடும். எவர்கிரீன் கனடாவுக்குக் கெழக்க கிராண்ட் பேங்க்ஸ் பக்கம் வரிசையா ஸ்டேஷன் போட்டு, ஒவ்வொண்ணுலயும் இந்த உசரத்தைக் கணக்குப் போட்டு, மேப்புல கோடு கோடா வரைஞ்சு, வடக்க இருந்து பனிப்பாறைய இழுத்துட்டு வர்ற லாப்ரடார் நீரோட்டம் எப்படிப் போகுதுன்னு சொல்லுச்சு. அந்தக் கோட்டை வச்சுத்தான் பாறை நாளைக்கு எங்க இருக்கும்னு கப்பல்களுக்கு ரேடியோல சொன்னாங்க.

பனிப்பாறை ஏன் காத்தை விட ஓட்டத்தைக் கேக்குதுங்கறதையும் பாக்கலாம், முழங்கால் அளவு ஓடற கிளை வாய்க்கால்ல மட்டும், பெரிய வாய்க்கால்ல எறங்க வேண்டாம். ஒரு தெர்மாக்கோல் துண்டு, கழுத்து மட்டும் வெளிய தெரியற மாதிரி மணலும் தண்ணியும் ரொப்புன ஒரு பாட்டில், ரெண்டையும் ஒட்டுக்கா உடுங்க. இருவது மீட்டருக்கு குறி வச்சு நேரம் பாருங்க. காத்தடிக்கற பொழுதோட பாத்தீங்கன்னா தெர்மாக்கோல் அங்கயும் இங்கயும் அலையும், எதிர்காத்தா இருந்தா நின்னே போயிரும், பாட்டில் தண்ணி போற வேகத்துலயே போகும். இருவது மீட்டரை பாட்டில் எடுத்துக்கிட்ட நேரத்தால வகுத்தா அதுதான் வாய்க்காலோட வேகம்.

இந்த வேலை இப்பவும் நடக்குதுங்க. அங்க கப்பலுக்கு பதிலா விமானமும், சாட்டிலைட் பாக்கற மிதவையும் வந்திருச்சு. நம்ம நாட்டுல இன்காய்ஸ்னு ஒரு நிறுவனம், அதும் கடல் இல்லாத ஹைதராபாத்துலதான் இருக்கு. மீன் புடிக்கப் போன ஆளு காணாம்னா, கடைசியா எங்க இருந்தாரு, காணாமப் போனது ஆளா படகான்னு குடுத்தா, காத்தையும் நீரோட்டத்தையும் வச்சு எங்க தேடோணும்னு மேப்பு குடுக்கற சாரட்டுங்கற கருவி அவங்க செஞ்சது, நம்ம கடலோரக் காவல் படை தேடறதுக்காகவே. பனிப்பாறை போற எடம் கண்டுபிடிச்ச அதே மாதிரிக் கணக்குதான் இப்ப நம்ம மீனவங்களைத் தேடுது. இதைச் சொன்னப்ப எங்க அம்மிணி ஒரு நிமிசம் பேசவே இல்லை.

கடைசியா நோட்டு. இதை உட்டீங்கன்னா மேல சொன்னது எல்லாம் வீண். அளவு எடுக்கறவங்க ஒருத்தர், எழுதறவங்க ஒருத்தர், எழுதறவங்க நம்பரைத் திருப்பிச் சத்தமாச் சொல்லோணும். ஸ்டேஷன் நம்பர், தேதி, மணி, வெயிலா மோடமா, காத்து, சொவத்துல இருந்து தண்ணி மட்டம், மோட்டார் கடைசியா எப்ப ஓடுச்சு, அப்புறம் ஆழம், சூடு, டிடிஎஸ், வட்டல் மறைஞ்ச ஆழம். மோட்டார் ஓடி நாலு மணி நேரமாவது ஆகிருக்கோணும், இல்லாட்டி எல்லாம் கலங்கிக் கெடக்கும். தப்பா எழுதுனா அழிக்காதீங்க, ஒரு கோடு போட்டு அடிச்சு பக்கத்துல எழுதுங்க, பென்சில்தான் நல்லது, நனைஞ்சாலும் கலங்காது. ஒரு ஆழம் உட்டுப் போச்சுன்னா காலியாவே உடுங்க. கிராஃப் போடறப்ப ஆழத்தை மேல இருந்து கீழ போற மாதிரி போடுங்க, கெணத்தை வெட்டிப் பாத்தாப்பல தெரியும். மாசம் ஒரு தடவை, வெடியால ஏழு மணிக்கு, வட்டல் மட்டும் உச்சி வெயில்ல. நாங்க கீழ்பவானி வாய்க்கா தண்ணி உடறதுக்கு மொத நாள் ஒண்ணும், உட்டு பதினஞ்சாம் நாள் ஒண்ணும் எச்சா எடுக்கறோம், ஊத்து எந்த ஆழத்துல இருந்து ஏறுதுன்னு அதுல தெரியுது. போன தடவை நம்பர் 23, அடுத்தது தண்ணி நின்ன மறுநாள்.